இருநூறு பேர் லிஸ்ட்

ஹஃபீசா லிஸ்ட் வாங்கிய விஷயம் அவள் புருஷன் ஜலாலுக்கு ஆறு நாள் தெரியாது. ஏழாம் நாள் அவளே சொல்லிவிட்டாள். எதையும் மறைத்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுகிற ஆள் அவள் இல்லை. ஆறு நாள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

ஜலாலுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வேலை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பைக்கில் போய்த் திரும்புவதற்குள் இடுப்பு கழன்றுவிடும், அதிலும் ஐப்பசி மழையில் எங்கே ரோடு, எங்கே பள்ளம் என்றே தெரியாது. அன்றைக்கும் சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்து, தலையைத் துவட்டி, சோப்பு போட்டுக் கை கழுவினான். எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் எண்ணெய் இருக்கும். ஹஃபீசா தேங்காய்ச் சோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னா, சொல்லு," என்றான் ஜலால். "தொக்கு வச்சிக்கிறன்னா ஏதோ கீதுன்னு அர்த்தம்."

"லீட் வாங்கிருக்கேங்க."

"அது இன்னா ஐட்டம்?"

"ஐட்டம் இல்ல. போன் நம்பரு. வீட்லேர்ந்தே சம்பாதிக்கணும்னு ஆசைப்படுற பொம்பளைங்க நம்பரு. இருநூறு பேரு. எல்லாம் தாம்பரம் சுத்துவட்டாரம். ஷ்யாம் சாரு குடுத்தாரு."

"குடுத்தாரா, வித்தாரா?"

"வித்தாரு. நாலாயிரம்."

ஜலாலின் கை சோற்றிலேயே நின்றது. அவன் கத்தவில்லை. கத்தினால் திருப்பிக் கத்தலாம், அழலாம், ஏதாவது ஒரு வழி கிடைக்கும். இவன் இப்படித்தான், கோபம் வந்தால் தட்டைப் பார்ப்பான்.

"யாருக்கோசரம் இந்தப் பாடு?"

"உங்க தங்கச்சிக்காகத்தான். வேற யாருக்கு?"

ஜலால் தொக்கை மட்டும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

சாஹிரா அவன் தங்கை. மூன்று தெரு தள்ளி வீடு. தையல்தான் பிழைப்பு. சுடிதார், நைட்டி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பாள், ஆனால் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் அவளிடம் கிடையாது. தைத்த துணியை எல்லாம் பையில் கட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டில் ஒரு கடைக்குப் போய், உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஓரம் அடித்து வருவாள். அந்த மெஷினை வாங்க இரண்டு வருஷமாக எடுத்துவைத்த பணத்தைத்தான், ரம்ஜான் பெருநாள் அன்றைக்கு ஹஃபீசாவின் பேச்சைக் கேட்டு 'சுடர்வேதா' கம்பெனியில் போட்டாள். "நான் பொறுப்பு, எல்லார் முன்னாடியும் சொல்றேன்," என்று பிரியாணி சட்டியில் கையை வைத்துக்கொண்டே சொன்னவள் ஹஃபீசா.

பணம் போய், பதினோரு பெட்டி சத்துமாவு வந்தது. அதில் ஒரு டப்பாகூட சாஹிரா விற்கவில்லை. அவளுக்குப் பேச வராது. துணி கொண்டுவருகிற பெண்களிடம் அளவு கேட்பதோடு சரி, சத்துமாவு வாங்குங்கள் என்று எங்கே போய்ச் சொல்வாள்? சண்டை எதுவும் போடவில்லை. வருவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். பக்ரீத் கறியைக்கூட பக்கத்து வீட்டு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அந்தக் கறியை ஆக்கும்போது ஹஃபீசா வெங்காயம் அரிகிற சாக்கில் அழுதது ஜலாலுக்குத் தெரியும். தெரிந்ததாக அவன் காட்டிக்கொள்ளவில்லை.

இதற்கு ஷ்யாம்சுந்தர் ஒரு வழி சொன்னார். ஹஃபீசாவைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர். ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரத்துக்கு டிப்போவும் அவர்தான், சரக்கு அவர் கையெழுத்தில்தான் வரும். "மாசக் கடைசிக்குள்ள சாஹிரா மேடத்துக்குக் கீழ எட்டு பேரைப் போட்டுடுங்க. அவங்க போட்ட காசு போனஸா வந்துடும்," என்றார். எட்டு பேருக்கு எங்கே போவது என்று கேட்டதும் லிஸ்டை எடுத்து நீட்டினார்.

மறுநாள் ஜலால் வேலைக்குப் போனதும், துணி துவைத்து, கீரையை ஆய்ந்து வைத்துவிட்டு, ஹஃபீசா மறுபடி போனை எடுத்தாள். கம்பெனிக்கென்று வாங்கிய புது சிம். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் கற்றுக்கொடுத்தபடிதான் எல்லாம் செய்வாள். பேசும்போது சிரித்துக்கொண்டே பேச வேண்டும், சிரிப்பு போனில் கேட்கும். எதிராளி என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. 'வேண்டாம்' என்று சொன்னால் அது வேண்டாம் இல்லை, இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். ஒரு ஆளுக்கு ஏழு ஃபாலோஅப். ஏழாவது தடவை வேண்டாம் என்றால்தான் பெயரை அடிக்கலாம்.

"வணக்கம் மேடம், ரெண்டு நிமிஷம் பேசலாமா? வீட்லேர்ந்தே ஒரு வருமான வாய்ப்பு பத்தி..."

"அட, நானே உங்ககிட்ட அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன்! எங்க கம்பெனி காந்த மெத்தை பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அது சானடோரியம் ஜெரூஷா. அதற்கு முன்னால் பேசியவள் கற்றாழை ஜூஸ். அதற்கும் முன்னால் கைரேகை அழியாத பாத்திரம் விளக்கும் பவுடர். நூறு பேருக்கு மேல் பேசியாகிவிட்டது, ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லாருமே ஏதோ ஒரு கம்பெனி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பேசுவார்கள், இரண்டு பேரும் கோபப்பட மாட்டார்கள், இரண்டு பேரும் ஃபோனை வைக்கவும் மாட்டார்கள். ஒருமுறை பெருங்களத்தூர்க்காரி ஒருத்தியோடு ஐம்பது நிமிஷம் பேசி, அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது.

நூற்று நாற்பத்து மூன்றாம் நம்பர் மட்டும் வேறு மாதிரி. 'மிஸஸ் ஹெச்.ஜே., தாம்பரம் கிழக்கு, மிகவும் ஆர்வம்' என்று போட்டிருந்தது. எப்போது அடித்தாலும் பிஸி. காலையில் பிஸி, மத்தியானம் பிஸி, அசர் தொழுகைக்குப் பிறகும் பிஸி. யாரோ பெரிய இடத்துப் பொம்பளை, ஆள் பழக்கம் நிறைய உள்ளவள், இவள் ஒருத்தி சேர்ந்தால் பின்னாலேயே எட்டு பேர் வருவார்கள் என்று ஹஃபீசா கணக்குப் போட்டாள். ஃபாலோஅப் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயருக்கு எதிரே கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

நூற்று அறுபத்தாறாவது, சிட்லபாக்கம் சாவித்ரி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். குரலில் இன்னும் பிரம்பு இருந்தது.

"இரும்மா, இரு. இந்த நம்பரை எங்கயோ பார்த்திருக்கேன். உன் பேர் என்ன சொன்ன?"

"ஹஃபீசா மேடம். ராஜகீழ்ப்பாக்கம்."

"உன் வீட்டுக்காரர் பேர் ஜேல ஆரம்பிக்குமா?"

"ஜலால். ஏன் மேடம்?"

"அப்ப நீதான் அது! என் லிஸ்ட்ல நூத்தி நாப்பத்தி மூணு. நாலு நாளா அடிக்கிறேன், எப்ப பாரு பிஸி. அப்படி யார்கூடத்தான் பேசிட்டிருக்க?"

ஹஃபீசா லிஸ்டை எடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்றாம் நம்பரைப் பார்த்தாள். புது சிம் வந்த அட்டையைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாகக் கையை வைத்து ஒப்பிட்டாள். பத்தும் சரியாக இருந்தது. ஆறு தடவை, ஃபாலோஅப் கோடு போட்டு, அவளை அவளே கூப்பிட்டிருக்கிறாள்.

"மேடம்," என்றாள். "நான் என் நம்பருக்கே அடிச்சிருக்கேன் மேடம்."

சாவித்ரி டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், இருமிக்கொண்டே சிரித்தார். முதலில் ஹஃபீசாவுக்கு அழுகைதான் வந்தது, அப்புறம் அவளும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"உனக்கு யாரும்மா வித்தது?"

"ஷ்யாம்சுந்தர் சாரு."

"எனக்கும் அவன்தான். நான் அவன் கம்பெனியே கிடையாது, எனக்கு ஏன் வித்தான்னு யோசிக்கவே இல்ல பாரு. கம்பெனி, கம்பெனின்னு அலையற நம்ம பேரையே லிஸ்ட்ல போட்டு நம்மகிட்டயே விக்கிறான். ஆர்வமுள்ள பெண்கள்! நம்மளவிட ஆர்வம் யாருக்கு இருக்கும்?"

சிரித்து முடித்தபோது ஹஃபீசாவுக்கு ஒன்று உறைத்தது. எட்டு பேர் வரப்போவதில்லை. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. சாஹிராவின் மெஷின் போனது போனதுதான்.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெருநாள், பெட்டி, பக்ரீத் கறி, எல்லாம். முன்பின் பார்த்திராத பொம்பளையிடம் இவ்வளவு ஏன் சொன்னோம் என்று பிற்பாடு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டீச்சர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அந்த சேர்க்கைப் படிவம் இருக்கா? பின்பக்கம் பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படி," என்றார்.

ஜலால் பட்டறையில் அளவு பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தான். அவன்தான் படித்தான். பிரிக்காத, நனையாத சரக்கை ஒரு வருஷத்துக்குள் டிப்போவில் திருப்பிக் கொடுக்கலாம், டிப்போக்காரர் கையெழுத்துப் போட்டால் கம்பெனி பணத்தைத் தரும் என்று கம்பெனியே அச்சடித்திருந்தது.

"அப்ப இந்தாளு ஒரு கையெழுத்து போட்டா மேட்டரு முடிஞ்சிது," என்றான் ஜலால்.

ஷ்யாம்சுந்தர் போடவில்லை. ஹஃபீசா நேரிலேயே போய்க் கேட்டாள். அவர் காபி கொடுத்தார், நெகட்டிவாக யோசிக்கக் கூடாது என்றார், திருப்பிக் கொடுப்பவர்கள் வாழ்க்கையில் தோற்றவர்கள் என்றார். சரக்கு திரும்பினால் அவர் வாங்கிய கமிஷனும் திரும்பிப் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை டீச்சர்தான் பிற்பாடு சொன்னார்.

"வேணாம்னுட்டாரு மேடம்," என்று ஹஃபீசா போனில் சொன்னாள்.

"எத்தனை தடவை சொன்னான்?"

"ஒரு தடவ."

"ஒரு தடவைதானே? உங்க மீட்டிங்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

ஹஃபீசா உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

அன்றைக்கே இருவரும் லிஸ்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எல்லாருக்கும் மறுபடி பேசினார்கள். இந்தத் தடவை மாவும் இல்லை, ஜூஸும் இல்லை. உங்க லிஸ்டில் உங்க பெயரைப் பாருங்கள், அவ்வளவுதான். பார்த்தவர்கள் ஒரேயடியாகப் பேசினார்கள். ஷ்யாம்சுந்தருக்கு ஃபாலோஅப் போட நானும் வருகிறேன் என்று நாற்பத்தோரு பேர் சொன்னார்கள். லிஸ்ட் பணத்தை முதலில் கேட்கலாம் என்று சிலர் சொன்னதற்கு ஜெரூஷாதான் ஒரே போடாகப் போட்டாள்: "அக்கா, நம்ம காசு எங்கயும் ஓடாது. அந்தப் பொண்ணு மெஷின் காசு. அது மொதல்ல."

சாவித்ரி டீச்சர் டைம்டேபிள் போட்டார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை, ஆளுக்குப் பத்து நிமிஷம் ஒரு பீரியட். ஒன்றிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டு நேரம், யாரும் கூப்பிடக் கூடாது. அவனும் மனுஷன்தானே என்றார். யாரும் திட்டக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, சிரித்துக்கொண்டே பேச வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, முதல் பீரியட் ஆரம்பித்தது.

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? ரெண்டு நிமிஷம் பேசலாமா? ராஜகீழ்ப்பாக்கம் சாஹிரா மேடத்தோட பதினோரு பெட்டி விஷயமா..."

முதலில் ஷ்யாம்சுந்தருக்குப் புரியவில்லை. பதினோரு மணிக்கு மேல் புரிந்தது. ஒரு நம்பரை பிளாக் செய்தால் அடுத்த நிமிஷம் வேறு நம்பர். எடுக்காமலும் இருக்க முடியாது, போனை அணைக்கவும் முடியாது. அவர் பிழைப்பே அந்த நம்பர்தான். ஜங்ஷனில் தொங்குகிற பேனரில் அவர் சிரிக்கிற படத்துக்குக் கீழே அந்த நம்பரைத்தான் ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார். "முடியாதுங்க" என்று சொன்னால், "பரவால்ல சார், உங்களுக்கு இன்னும் நேரம் வரல, நாளைக்குப் பேசறேன்," என்று தேன் வடியப் பேசி போனை வைத்துவிடுவார்கள். சாயங்காலம் ஜலால் வந்ததும் ஹஃபீசா அன்றைய பீரியட் கதையை நடித்தே காட்டினாள். அவன் அடித்தொண்டையில் சிரித்து, புரையேறி, தண்ணீர் குடித்தான்.

"பேஜார் பண்ணிட்டீங்களேடீ அந்தாள!" என்றான். "நாளைக்கு எத்தினி பேரு?"

"இன்னும் மூணு பேரு சேர்ந்திருக்காங்க."

மூன்றாம் நாள் மத்தியானம் ஷ்யாம்சுந்தரே கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"ஹஃபீசா மேடம், என்ன டார்ச்சர் இது?"

"டார்ச்சர் இல்ல சார். ஃபாலோஅப். மூணுதான் ஆயிருக்கு, இன்னும் நாலு பாக்கி."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். பெட்டி அவங்களோடது. அவங்க ஒரு வார்த்தை கேட்டிருக்காங்களா? ஊர்ல இருக்கற எல்லாரும் பேசறீங்க, அவங்களுக்கு ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லையே! அவங்க வாயால சொல்லட்டும், பாக்கலாம்." சாஹிராவுக்குப் பேச வராது என்பது அவருக்கும் தெரியும்.

ஹஃபீசா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூன்று தெருவிலும் முழங்காலுக்குக் கீழ் வரை தண்ணீர், சாக்கடையும் மழையும் ஒன்றாகக் கலந்து போய்க்கொண்டிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவைத் தட்டினாள். ஐந்து மாசமாக மிதிக்காத வாசல்.

சாஹிரா கதவைத் திறந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, நகர்ந்து வழி விட்டாள்.

வாசல்படி வரை தண்ணீர் ஏறி நின்றது. உள்ளே ஒரே ஒரு கட்டில். அதன் மேல் பதினோரு பெட்டியும் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. பிள்ளைகளின் பாய் தரையில், ஈரத் தரையில், சுவரோரமாக விரித்திருந்தது. ஹஃபீசா கொண்டுவந்து சேர்த்த பெட்டி கட்டிலில், பிள்ளைகள் தரையில்.

"மன்னிச்சிடு சாஹிரா," என்றாள்.

"எதுக்கு வந்தீங்க அண்ணி?"

சொன்னாள். லிஸ்ட், தன் நம்பருக்குத் தானே அடித்தது, நாற்பத்து நாலு பேர், பீரியட், பொடி எழுத்து, எல்லாம் சொன்னாள். சாஹிராவின் முகம் மாறவே இல்லை. அவளே பேசட்டும் என்று ஷ்யாம்சுந்தர் கேட்டதைச் சொன்னபோது மட்டும் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"போட்டுக் குடுங்க," என்றாள்.

ஹஃபீசா நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், நான் சாஹிரா." அவள் குரல் சின்னதாகத்தான் இருந்தது. "எனக்குப் பேச வராது. அதனால ஒரு தடவதான் சொல்லுவேன். ஒரு டப்பாகூடப் பிரிக்கல, ஒரு சொட்டு தண்ணி படல. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து கையெழுத்து போட்டு எடுத்துக்கினு போங்க. வரலன்னா, ஞாயித்துக்கெழம உங்க மீட்டிங்குக்கு இந்தப் பதினோரு பெட்டியையும் ஆட்டோல ஏத்திக்கினு வருவேன். மொத வரிசைல பெட்டிய அடுக்கி வச்சிட்டு பக்கத்துல உக்காந்துக்குவேன். ஒண்ணும் பேச மாட்டேன் சார். சும்மா உக்காந்திருப்பேன். வாரா வாரம் வருவேன்."

புது ஆள் சேர்க்கிற மண்டபத்தில், முதல் வரிசையில், விற்காத பெட்டிகளோடு வாய் திறக்காமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பதை அந்த மனுஷன் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"பத்து மணி வேணாம்மா," என்றார் கடைசியில். "ஒம்பதுக்கே வரேன்."

ஒன்பதுக்கு முன்னாலேயே வந்தார். ஜலால் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பட்டறை பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றான். அவர் போட்ட கையெழுத்து ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே அதை வைத்துப் பார்த்தான். பெட்டிகளைச் சுமக்க ஒரு கை கொடுக்கவில்லை. ஷ்யாம்சுந்தர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரில் பதினோரு நடை நடந்து, ஒவ்வொரு பெட்டியாக ஆட்டோவில் ஏற்றினார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஆட்டோ முனை திரும்பியதும் ஹஃபீசா சாவித்ரி டீச்சருக்குப் போன் செய்தாள். சரியாகப் பத்து நிமிஷத்துக்குள் நாற்பத்து நாலு வீட்டுக்கும் சேதி போய், அங்கங்கே கைதட்டினார்களாம். அடுத்து லிஸ்ட் பணத்துக்கு டைம்டேபிள் தயார் என்றார் டீச்சர். அது தேவைப்படவில்லை. அந்த வாரத்துக்குள் ஒவ்வொருத்தர் பணமாகத் தானே திரும்பி வந்தது.

பெட்டி போன அன்றே மத்தியானம் ஹஃபீசா நெய்ச்சோறு ஆக்கி, எலும்பும் பருப்பும் போட்டுத் தால்சா வைத்தாள். கூப்பிட ஆள் அனுப்பலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே சாஹிரா பிள்ளைகளோடு வாசலில் நின்றாள். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவம் இன்னும் கீது அண்ணி," என்றாள். "சும்மா போய்டிச்சின்னு பொய் சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்," என்றாள் ஹஃபீசா. "இருந்தாலும் வந்தியே."

சாஹிரா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள்.

"நேத்து அந்தாளுகிட்ட பேசினப்ப எனக்குக் காலு ரெண்டும் நடுங்கிச்சி, தெரியுமா? விழுந்துடுவேனோன்னு கட்டிலப் புடிச்சிக்கினேன்."

"எனக்கு இருநூறு தடவையும் நடுங்கிச்சி," என்றாள் ஹஃபீசா.

சாஹிரா நிமிர்ந்து பார்த்தாள். அண்ணிக்கு நடுங்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பேச்சுக்கென்றே பிறந்தவள், யாரையும் எதற்கும் சம்மதிக்க வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தாள். அந்தப் பேச்சில் மயங்கித்தானே பணத்தையும் போட்டாள். திடீரென்று பிள்ளைகள் பயந்துபோகிற அளவுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு தட்டை ஹஃபீசாவின் பக்கம் தள்ளினாள்.

"தால்சா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. எலும்போட."